மெஷின் மேல் உட்கார்ந்த பிள்ளையார்

என் கம்ப்யூட்டர் டிஸ்க் தின்றது. வேறு எப்படிச் சொல்வது? கோலாலம்பூர்க் கடையில் நன்றாக ஓடுகிற டிஸ்க், எங்கள் ஊரான ராசாவுக்கு வந்து என் மெஷினில் ஏறினால் செத்துப்போகும். அந்த மெஷினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. கறுப்பு அட்டை மாதிரி இருக்கும் டிஸ்க்கை வாயில் செருகினால்தான் எழுந்திருக்கும். செருகினால் விசிறி உறுமும், சிவப்பு விளக்கு எரியும், பிறகு திரையில் ஒரே பல்லவி: இது சரியான டிஸ்க் இல்லை, வேறு போடு. வேறு போட்டால் அதுவும் சரியில்லையாம். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி எதைக் காட்டினாலும் நொட்டை சொல்லும்.

நானோ ரவாங் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு, அபுபக்கர் முதலாளியின் சாப்பாட்டுக் கடைக்கு மேலே அறை எடுத்து, ‘புஷ்பவள்ளி கம்ப்யூட்டர் வகுப்பு’ என்று பலகையும் மாட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை ரப்பர்த் தோட்டத்துத் தாய்மார்கள் பிள்ளைகளைச் சேர்க்க வருகிறார்கள். மெஷின் எழுந்திருக்காவிட்டால் ஒருத்தியும் சேரமாட்டாள். திங்கட்கிழமை நான் மறுபடியும் தொழிற்சாலையின் நீலக் கோட்டை மாட்டவேண்டியதுதான். என் இடம் இன்னும் காலியாக இருப்பதாகச் சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருந்தான். சொன்னபோது இளித்திருப்பான்.

கடைக்காரனோடு போனில் நான் போடாத சண்டை இல்லை.

“உங்க ஊரு கரண்டு சரியில்ல, மிஸ்.”

“எங்க ஊரு கரண்டுல மாவு அரைக்குது, டிவி ஓடுது. உன் டிஸ்க்குக்கு மட்டும் என்ன கேடு?”

பிறகு தூசி என்றான். துடைத்தேன். கீழே மீன் பொரிக்கிற புகை என்றான். அபுபக்கர் முதலாளி அதைக் கேட்டு, “என் மீனு மனுசனையே ஒண்ணும் பண்ணதில்லம்மா, மெஷினை என்னா பண்ணும்?” என்றார்.

மெஷினோடு வந்த புத்தகத்தில் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். டிஸ்க்கை மடக்காதே, வெயிலில் வைக்காதே, காந்தத்தின் பக்கம் கொண்டுபோகாதே. பள்ளிக்கூடத்தில் காட்டிய லாடம் போன்ற காந்தம் ராசாவில் யார் வீட்டில் இருக்கிறது? அந்தக் கவலையே எனக்கு இல்லை.

என் அண்ணன் கார்த்திகேசு எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். மெஷின் வந்த அன்றே, லோரியின் முன்கண்ணாடிக்குக் கீழே வருடக்கணக்காக ஒட்டியிருந்த குட்டிப் பிள்ளையாரைப் பிடுங்கி வந்து மெஷினின் தகரத் தலையில் உட்காரவைத்தான். லோரி எந்தக் குழியில் விழுந்து எழுந்தாலும் அசையாத பிள்ளையார். புது டிஸ்க் எது வந்தாலும் அவரைத் தூக்கி, அடியில் வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் மெஷினில் போடவேண்டும் என்பது அண்ணன் சட்டம். நானும் பயபக்தியோடு அப்படியே செய்தேன்.

கடைசியாகக் கடைக்காரன் வெறுத்துப்போய் ஒன்றுக்கு இரண்டாக அனுப்பினான். அபுபக்கர் முதலாளி ஒன்றை வாங்கித் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். “இது என்கிட்ட இருக்கட்டும்மா. மேல போற டிஸ்க்கு எதுவும் உசிரோட திரும்பறதில்ல.”

வெள்ளிக்கிழமை வந்தது. தாய்மார்கள் வந்தார்கள். முன்வரிசையில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் சின்னத்தாய், மகள் சந்திரிகாவின் கையைப் பிடித்தபடி. அண்ணன் வேட்டி கட்டிச் சூடம் காட்டினான். நான் டிஸ்க்கைப் போட்டேன். சரியான டிஸ்க் இல்லை என்றது மெஷின்.

“இங்க்லீசுல என்னமோ சொல்லுதே, என்னா சொல்லுது?” என்றாள் சின்னத்தாய்.

“எல்லாரையும் கீழ போயி தேத்தண்ணி குடிக்கச் சொல்லுது” என்றேன்.

அண்ணன் அவர்களை அழைத்துக்கொண்டு கீழே போனான். கதவைச் சாத்தினேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“உமக்கு என்னதான்யா வேணும்?” என்று பிள்ளையாரைக் கேட்டேன். “காலையில சூடம், சாயங்காலம் சூடம், இதுல பூ வேற. தின்னுட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கீரே, வெக்கமா இல்ல?”

சொன்ன பிறகு பயம் வந்துவிட்டது. ஒரேயடியாகப் பகைத்துக்கொள்ளவும் முடியாதே. குனிந்து அவர் பீடத்தில் நெற்றியை வைத்தேன். நிமிர்ந்தபோது காதோரத்தில் முடி வெடுக்கென்று இழுத்தது. என் கொண்டை ஊசி பிள்ளையாரின் பீடத்தோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஊசியைப் பிடுங்கினேன். விட்டேன். மறுபடி ஒட்டியது. அடப்பாவி என்றேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளையாரை யார் காந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

படியில் நின்று, முதலாளியிடம் இருக்கிற டிஸ்க்கைக் கொண்டுவரும்படி அண்ணனைக் கூப்பிட்டேன். எல்லாரும் அவன் பின்னாலேயே ஏறி வந்தார்கள். வந்தவன் பழக்கத்தில் நேரே பிள்ளையாரிடம் போனான்.

“அண்ணே, அதச் சாமிக்கிட்ட வைக்காத.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு பேசற?” என்றான் அண்ணன்.

ஊசியைக் காட்டினேன். பீடத்தில் டக்கென்று ஒட்டியது. “அடியில காந்தம் இருக்குண்ணே. டிஸ்க்குல உள்ளத எல்லாம் அது அழிச்சிடும். ஒவ்வொண்ணையும் நாமளே கொண்டுபோயி பலி குடுத்திருக்கோம்.”

அவன் பிள்ளையாரைப் பெயர்த்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான். டிஸ்க்கைச் செருகினேன். விசிறி உறுமியது. விளக்கு எரிந்தது. திரையில் ஒரு A வந்தது, மெஷின் எழுந்துவிட்டது. பக்கத்தில் சின்னக் கோடு மினுக்கிக்கொண்டு நின்றது.

“அவ்ளோதானா?” என்றாள் சின்னத்தாய்.

“அவ்ளோதான்க்கா.”

அவள் மகளை முன்னால் தள்ளினாள். “போயி உக்காரு.”

வெளியே வந்தால், படிக்கட்டில் அண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தான். “அப்ப இத்தன நாளும் நான்தான் உன் பொழப்பக் கெடுத்தேனா?”

அவன் கையிலிருந்த பிள்ளையாரைப் பார்த்ததும் வேறொன்று உறைத்தது. “மெஷின் வந்ததுலேருந்து சாமி இல்லாமலா லோரி ஓட்டுற?”

“கலும்பாங் ரோட்டு வளைவு வந்தா கையெல்லாம் வேர்த்துரும் புஷ்பா. ஒனக்கு ஆகட்டும்னு விட்டுட்டேன்.”

“இவரு லோரிச் சாமிண்ணே. கொண்டுபோயி அவரு எடத்துல வையி. இங்க நான் பாத்துக்கறேன் லா.”

பிள்ளையாரின் நெற்றியில் வழிந்திருந்த சந்தனத்தை வேட்டி நுனியால் துடைத்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினான். லோரி கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை படிக்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து சந்திரிகாவுக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுத்தேன். சூடு கண்ட பூனை மாதிரி, தலையில் இருக்கிற ஊசியையெல்லாம் கழற்றி வெளியே வை என்றேன்.