பலாமரத்தடி பிடிஎஃப்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை போளூர் பேருந்து நிலையத்தில், ஒரு டீக்கும் அடுத்த டீக்கும் நடுவில், என் செல்போனில் பிறந்தது. எழுதி முடித்து 'கதை கடைசி' என்று பெயர் வைத்தேன். அப்புறம் திருத்தி 'கதை கடைசி 2'. அதையும் திருத்தி 'கதை நெஜமாவே கடைசி'. இப்போது மூன்றையும் காணோம். டவுன்லோட்ஸில் தேடினேன், டாக்குமெண்ட்ஸில் தேடினேன், போனுக்குள் நான் நுழையாத சந்துபொந்து இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போன வாரம் பஸ் ஏறிப் போளூருக்கே போய், அதே பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு தரம் தேடினேன். இல்லை. ஆகவே முதலிலிருந்து.

"ஜவ்வாது மலையின் உச்சியில் மேகங்கள் தவழ்ந்து —"

(வேண்டாம். மேகம் தவழ்ந்து முடிப்பதற்குள் பக்கம் தீர்ந்துவிடும்.)

"சின்னக்குழந்தைக்கு நாற்பத்து நான்கு வயது."

இது தேவலாம்.

2

சின்னக்குழந்தைக்கு மலைமேல் ஒன்றரை ஏக்கர் சாமை நிலம், மஞ்சுளா என்று ஒரே மகள், மூலையில் கீறல் விட்ட ஒரு செல்போன். வீட்டில் பேசுகிற அளவுக்கு சிக்னல் உண்டு, நெட் கிடையாது. நெட் வேண்டுமென்றால் ஊரில் மூன்றே இடம்: தண்ணீர் டேங்க், கோயில் பாறை, அவள் நிலத்து மேட்டிலுள்ள பலாமரம்.

கொழுந்தன் மாதையன், காணாமல் போன ஆட்டின் படத்தை முதன்முதலாக வாட்ஸ்அப்பில் அனுப்பினான். வீட்டில் பார்த்தால் ஆடு மங்கலாகத் தெரிந்தது, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பலாமரத்தடிக்குப் போனாள். பளிச்சென்று ஆடு! அன்றைக்கே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. எந்த ஃபைல் எந்த இடத்தில் வந்து இறங்குகிறதோ, அது அங்கேயே குடியிருக்கும். போன் அதைப் பார்க்கிற கண்ணாடி, அவ்வளவுதான்.

அதிலிருந்து நிலத்துப் பட்டா டேங்கடியில். ஆதார் கோயில் பாறையில். இ-சேவை மையத்துக் குமரேசன் அனுப்பிய மஞ்சுளாவின் சாதிச் சான்றிதழ் பலாமரத்தடியில். யாராவது பட்டா கேட்டால், "இருங்க, டேங்காண்ட போய்ட்டு வர்றேன்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.*

* ஒரு தடவையாவது வீட்டிலேயே திறந்து பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். வீட்டில் திறக்காது என்று தெரிந்த பிறகு எதற்குத் திறந்து பார்ப்பாள்?

3

இந்த இடத்தில் கதைக்கு ஒரு சிக்கல் தேவைப்பட்டது. கரடி வரவைக்கலாமா என்று யோசித்தேன். கரடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் போன வாரக் காற்றில் பலாமரத்தைச் சாய்த்துவிட்டேன். ஒரே வரி, கட்டைவிரலால் தட்டியது.

சின்னக்குழந்தை இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மகளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. மஞ்சுளா இன்றைக்குத் திருப்பத்தூரில் நர்சிங் கல்லூரியில் சேரப் போயிருக்கிறாள். பன்னிரண்டு மணிக்குத் தோழியின் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"எம்மா, சாதி சர்டிபிகேட் பிடிஎஃப் கேக்கறாங்க. ஜெராக்ஸு வாணாமாம். ஒரு மணிக்குள்ள அனுப்பலன்னா சீட்ட அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

"பலாமரம் சாஞ்சிட்ச்சிடி!"

"அதுக்கும் இதுக்கும் இன்னாமா?"

"அதுலதான்டி உன் சர்டிபிகேட்டு கீது!"

"ஐயோ, எம்மா! அது போன்லியேதான் கீது. ஃபைல்ஸ தொட்டு, அதுக்குள்ள —"

கட்டாகிவிட்டது. (நான் கட் பண்ணவில்லை. மலையில் அது தானாகவே நடக்கும்.)

4

சின்னக்குழந்தை ஓடினாள். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது, திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டில் ஏறினால், மாதையன் கோடாலியோடு சாய்ந்த மரத்தின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தான்.

"வெட்டாத மாதையா! அதுல எம்பொண்ணு படிப்பு கீது!"

மாதையன் சிரிக்கவில்லை. அவனுடைய ஆட்டுப் படமும் இங்கேதானே இருக்கிறது. முகம் வெளுத்துப்போய்க் கேட்டான்: "எந்தக் கெளையில அண்ணி?"

"எனுக்கு இன்னா தெரியும்?"

"மூணு வெட்டிட்டனே!"

இரண்டு பேருமாக வெட்டிய மூன்று கிளைகளையும் இழுத்துவந்து, அதது இருந்த இடத்தில் சாய்த்து வைத்தார்கள். ஒன்று தலைகீழாக இருக்கிறதென்று மாதையன் திருப்பி வேறு வைத்தான். அடிமரத்தில் உட்கார்ந்து, குமரேசன் அனுப்பியதைத் தேடித் தொட்டாள். திறந்தது.

"முழுசா கீது மாதையா! முத்திரைகூட அழியல!" அழுதேவிட்டாள். சாய்ந்த மரத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

5

எனக்குத் தாங்கவில்லை. கதைக்குள் தலையை நீட்டினேன்.

"அம்மா, ஃபைல் மரத்துல இல்லீங்க. உங்க போன்லதான் இருக்கு."

"நீ யாருய்யா?"

"இந்தக் கதைய எழுதறவன்."

"அப்போ மரத்த சாய்ச்சது?"

பேச்சை மாற்றப் பார்த்தேன். மாதையன் கோடாலியைக் கையில் எடுத்தான். "நான்தாங்க" என்றேன்.

"கதைக்கு வோணும்னா உன் வூட்டு மரத்த சாய்ச்சிக்க வேண்டிதானே? இருவது காய் தொங்கிக்கினு இருந்திச்சி!"

திட்டிக்கொண்டே, மகள் கூப்பிட்ட நம்பருக்கு அனுப்புகிற அம்பைத் தொட்டாள். வட்டம் சுற்றியது. ஒரு டிக் விழுந்தது. சான்றிதழ் மலையை விட்டு இறங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். திருப்பத்தூரில் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது டிக். மணி 12:56.

6

முதல் முடிவு: இரண்டாவது டிக் விழுகிறது. மஞ்சுளா நர்ஸ் ஆகி —

இன்னொரு முடிவு: தோழியின் போனில் சார்ஜ் தீர்ந்து —

(இதை எழுத மாட்டேன்.)

"கவலப்படாதீங்கம்மா, ரெண்டாவது டிக்க நானே எழுதிடறேன்" என்று கட்டைவிரலைத் தூக்கினேன்.

"தொடாத! நீ எழுதற டிக்கு காலேஜுல செல்லாது."

நியாயம்தான். அந்த ஒற்றை டிக்கை அவள் முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் மஞ்சுளா. அந்தப் பெண் கல்லூரி அட்மிஷன் கவுண்டருக்கு முன்னால் நிற்கிறாள், பின்னால் வரிசை தள்ளுகிறது. நான் விளையாட்டாக ஒரு மரத்தைச் சாய்த்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"இந்தக் கதைய படிக்கிறவங்களாண்ட குடு" என்றாள் சின்னக்குழந்தை, என் தோளுக்கு மேலாகப் போனை நீட்டி. "அவங்களுக்காச்சும் நல்ல டவர் கெடைக்கும்."

வாங்கிக்கொள்ளுங்கள். உட்கார்ந்தே இருக்காதீர்கள், எழுந்து ஜன்னலோரம் போங்கள். கையை நன்றாக உயர்த்துங்கள். மணி 12:58.