மிச்சம் விழுந்த வால்வு

என் வேலையில் மிச்சம் விழாது என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். எஞ்சினைப் பிரித்து மாட்டியபின் மேஜையில் நாலு நட்டு கிடந்தால், சத்தமில்லாமல் டப்பாவில் போட்டு மூடுகிற மெக்கானிக்குகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் மச்சானின் வாடகைக் காரில் டர்போ எஞ்சினை இறக்கிய அன்று, கட்டைவிரல் நீளத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வால்வு மிச்சமானபோது, யாரும் பார்ப்பதற்கு முன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பன்னிரண்டு வருடமாக அந்த ஒரே காரை வாடகைக்கு ஓட்டுகிறவர். பழைய எஞ்சின் கைவிட்டதும், பின்பக்கம் நசுங்கிப்போன வேறொரு காரிலிருந்து டர்போ எஞ்சினைக் கழற்றி வந்தோம். எஞ்சினை இறக்க ஒரு நாள்தான் ஆனது. உயிரை வாங்கியவை குழாய்கள். பென்சில் கனத்தில் பதினோரு ரப்பர் குழாய்கள். எஞ்சின் உறிஞ்சுகிற இழுப்பில் வேலை செய்து, புகையையும் பெட்ரோல் ஆவியையும் வெளியே விடாமல் பார்த்துக்கொள்கிறவை. எது எதோடு சேர வேண்டும் என்பது பானெட்டின் உட்புறத்தில் ஒரு ஸ்டிக்கரில் படமாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து ஒன்றும் பிசகாமல் மாட்டினேன். படத்தில் அந்த வால்வு இல்லை. இல்லாததை நான் எதற்கு மாட்ட வேண்டும்?

புகைச் சோதனையில் வண்டி தோற்றது. நின்ற இடத்தில் ஓடியபோது சுத்தமாக இருந்தது. சக்கரங்களை நின்ற இடத்திலேயே சுழலவிடும் உருளைகள்மேல் வேகமெடுத்ததும் புகையின் அளவு எகிறியது. அந்த நிலையத்தில் வண்டிக்காரரே உட்கார்ந்து, திரையில் போகும் கோட்டை விட்டு விலகாமல் ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டும்.

"என்ன மாப்ள, எஞ்சின்ல ஏதாவது கோளாறா?" என்றார் மச்சான்.

"எஞ்சின் தங்கமா இருக்கு. உங்க கால்தான் கனம். பூ மாதிரி மிதிக்கணும் மச்சான், நீங்க உரல்ல இடிக்கிற மாதிரி மிதிக்கிறீங்க."

அவர் நம்பிவிட்டார். நான் எதைச் சொன்னாலும் நம்புவது அவருடைய பழக்கம், அதில் குளிர்காய்வது என்னுடைய பழக்கம்.

இரண்டாவது தடவையும் தோற்றது. மூன்றாவதிலும் தோற்றால் வாடகை அனுமதி ரத்து என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து மச்சான் ஷூவைக் கழற்றிப் பின்னால் டிக்கியில் போட்டுவிட்டு வெறுங்காலில் ஓட்ட ஆரம்பித்தார். வெறுங்காலில்தான் மிதியின் அளவு தெரிகிறதாம். இரண்டு வாரம். வண்டியில் ஏறுகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். குதிகாலில் கொப்புளம் வந்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார். நானும் என் பங்குக்கு, "அடுத்தது கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டுவீங்களா?" என்று கேட்டு வைத்தேன்.

மூன்றாவது சோதனை ஒரு காலை பதினோரு மணிக்கு. அன்று எட்டு மணிக்குக் காபி டம்ளரோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே என் மனைவியின் மீன்தொட்டி. அலமாரியின் கீழ்த்தட்டில் அதற்குக் காற்று ஊதும் சின்ன மோட்டார். மோட்டாரிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயின் நடுவே என் கறுப்பு வால்வு இருந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"உங்க சட்டையத் துவைக்கும்போது கிடைச்சுது. என்னன்னு கேட்டேன், ஒண்ணுக்கும் ஆகாததுன்னு சொன்னீங்க" என்றாள். "கரண்ட் போனா தொட்டித் தண்ணி குழாய் வழியா இறங்கி மோட்டாருக்குள்ள போயிடும். ஊதிப் பாத்தேன், ஒரு பக்கம்தான் காத்து போகுது. மாட்டிவிட்டேன். இப்ப திரும்பி வர்றதே இல்ல."

டம்ளரைக் கீழே வைத்தேன். பானெட்டில் இருந்த படம் செத்துப்போன பழைய எஞ்சினுடையது. அது உறிஞ்ச மட்டுமே தெரிந்த எஞ்சின். டர்போ அப்படி இல்லை. சும்மா ஓடும்போது உறிஞ்சும், மிதித்தால் ஊதும். ஊதிய காற்று, டாங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் திரும்பிப் போய், எல்லா அளவையும் கெடுத்திருக்கிறது. பூவாய் மிதித்திருந்தாலும் தோற்றிருக்கும்.

மோட்டாரை நிறுத்தி வால்வைப் பிடுங்கினேன். எதற்கு என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

தண்ணீர் இறங்காமல் இருக்க அவள் குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துப் போட்டாள். "அப்போ எங்க அண்ணன் கால்ல ஒண்ணும் இல்ல?"

"இல்ல."

"அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. அவர் ஷூவப் போட்டுக்கிட்டு இந்த வாசலுக்கு வரட்டும். அதுவரைக்கும் நீங்களும் வர வேண்டாம்."

சொல்லத்தான் கிளம்பினேன். ஆனால் நிலையத்தின் வெளியே, வெயில் ஏறிய சிமெண்ட் தரையில் அவர் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்ததைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "ஒரு குழாயைச் சரிபார்த்துடறேன் மச்சான்" என்று பானெட்டைத் திறந்து, அஞ்சு நிமிடத்தில் வால்வை மாட்டி மூடினேன். வண்டி ஜெயிக்கட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கோழைத்தனம்தான்.

உருளைமேல் வண்டி ஜெயித்தது. எல்லா அளவும் அனுமதித்த வரம்பில் பாதிக்குக் கீழே. மச்சான் இறங்கி வந்து என் தோளில் ஒரு அடி போட்டார். "பாத்தியா மாப்ள, எல்லாம் கால்தான்! பூ மாதிரி மிதிச்சேன்."

சோதனை செய்கிறவர் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்துப் படத்தையும் குழாய்களையும் ஒப்பிட்டார். வால்வின்மேல் வெளிச்சம் நின்றது.

"படத்துல இல்லாதது ஒண்ணு இருக்கே. போன ரெண்டு தடவை எடுத்த போட்டோவுலயும் இது இல்ல. என்ன இது? காரணம் சொல்லாட்டி நான் கையெழுத்துப் போட முடியாது."

பேசாமல் நின்றால் அனுமதி போய்விடும். பேசினால் மச்சான் பக்கத்திலேயே நிற்கிறார். நான் பேசினேன். படம் பழைய எஞ்சினுடையது, இந்த எஞ்சினில் வால்வு இருந்தே ஆக வேண்டும், முதல் நாளே மாட்டியிருக்க வேண்டியதை நான்தான் விட்டுவிட்டேன் என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். தாளை மச்சானிடம் நீட்டினார்.

மச்சான் தாளைப் பார்க்கவில்லை. "முதல் தடவையே இது உன்கிட்ட இருந்துச்சா?"

"சட்டைப் பையில இருந்துச்சு."

அவர் டிக்கியைத் திறந்து ஷூவை எடுத்தார். காரின் ஓரத்தில் உட்கார்ந்து பிளாஸ்திரிமேல் பட்டுவிடாமல் நிதானமாக மாட்டிக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு அவரே ஓட்டினார். ஆளில்லாத நேர்ச்சாலை வந்ததும் அழுத்தி மிதித்தார். டர்போ விசிலடித்தது. சீட்டோடு ஒட்டிக்கொண்டேன்.

"இப்ப சொல்லு. என் கால் கனமா?"

"இல்ல மச்சான்."

"காது கேக்கல."

"இல்ல மச்சான்!" என்று கத்தினேன்.

"ரெண்டு வாரம் மாப்ள" என்றார். "பன்னெண்டு வருஷம் ஓட்டினதெல்லாம் தப்பா ஓட்டினதுன்னு நெனச்சுட்டேன்."

வெட்கமாக இருந்தது. வீடு வந்ததும் என்னைத் தாண்டிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். மனைவி கதவைத் திறந்து முதலில் அண்ணனின் காலைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து எனக்கு வழிவிட்டாள்.