ரெண்டு நாள் தூரம்

நாலே மணி நேரம் என்றாளே அந்தப் பெண், கடலூர் மஞ்சக்குப்பத்து டிக்கெட் கடையில், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, ஏதோ தினமும் சொல்கிற சங்கதி மாதிரி... அமராவதி, கிள்ளைக்குத் திரும்பச் சிதம்பரம் பஸ்ஸில் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், சிப்காட் கம்பெனிகளின் ரசாயன நாற்றம் ஜன்னல் வழியே வந்தது, எப்போதும் முந்தானையால் மூக்கைப் பொத்துகிறவள் இன்று மறந்துபோனாள். பேரன் பிறந்திருக்கிறான், சிங்கப்பூருக்கு வந்து பார்த்துட்டுப் போம்மா என்று மகன் கூப்பிட்டான், டிக்கெட் எடுக்கப் போன இடத்தில், வழிக்கு ரெண்டு நாளைக்குப் புளிச்சோறு கட்டினால் போதுமா பாப்பா என்று கேட்டது ஒரு குற்றமா? அந்தப் பெண் சிரித்தாள். "ரெண்டு நாளா? மூவாயிரம் கிலோமீட்டர்கூட இல்லம்மா. சென்னையில ஏறுனா நாலு மணி நேரத்துல சாங்கி ஏர்போர்ட்டு. நீங்க கிள்ளையிலேருந்து சென்னை போறதுதான் ஜாஸ்தி." பக்கத்தில் நின்ற மகள் தீபிகா சிரிக்கவில்லை. அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ரெண்டு நாள் என்று யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை. கடலுக்குப் போகிற வீட்டில் தூரத்தைக் கடலை வைத்துத்தானே அளப்பார்கள், மாமனார் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் ஒரு வாரம், ஏரோப்பிளேன் கப்பலைவிட வேகம், அப்படியானால் ரெண்டு நாள்... அவளாகப் போட்ட கணக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால், காலையில் வலை பிரித்துக்கொண்டிருந்த புருஷன் தட்சிணாமூர்த்தி அப்படியே சாய்ந்துவிட்டார், ஒரே மகன் தமிழ்வேந்தன் வந்து கொள்ளி வைக்கட்டும், நம்ம ஊர்ல ஐசுக்கா பஞ்சம் என்றார்கள் பங்காளிகள், அவள்தான் மறுத்தாள். ஆயுசெல்லாம் மீனை ஐஸில் போட்ட மனுஷனை ரெண்டு நாள் ஐஸில் போடுவதா, மாட்டேன். மகனிடம் போனில் சொன்னாள். "நீ வர வேணாம்ப்பா, வந்து சேர ரெண்டு நாளாவும், அதுவரைக்கும் அப்பாவ வச்சிருக்க முடியாது." சரிம்மா என்றான். அவ்வளவுதான். கொழுந்தன் மகன் எழிலன் கொள்ளி வைத்தான். தமிழ்வேந்தன் காரியத்துக்கும் வரவில்லை, அப்புறமும் வரவில்லை, பெற்றவள் உள்ளுக்குள் கருவிக்கொண்டே இருந்தாள்.

நாலு மணி நேரம் என்று தெரிந்தவன் ஏன் சரிம்மா என்றான்? ராத்திரிக்குள் வந்திருப்பானே... பக்கத்து சீட்டில் இருந்த மகளிடம் திரும்பினாள். "ஒனக்குத் தெரியுமாடி, நாலு மணி நேரந்தான்னு?" தீபிகா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்மா." "அப்பறம் ஏண்டி சொல்லல?" "ஒனக்கும் தெரியும்னுதான் நெனச்சோம். அன்னிக்கு அண்ணன் எனக்கு போன் போட்டு அழுதுச்சு. அப்பா சொன்னதத்தான் அம்மாவும் சொல்லுதான்னு கேட்டுச்சு." அப்பா சொன்னது... படகுக்கு வரமாட்டேன், வெளிநாடு போறேன் என்று அவன் கிளம்பியபோது, என் பொணத்துக்குக்கூட வராதடா என்று கத்தியது. ஐயோ, அந்த மனுஷனே மறுநாள் அதை மறந்துவிட்டாரே. அவள் கணக்குத் தெரியாமல் உளறியதை, பிள்ளை, அம்மாவும் கதவைச் சாத்திவிட்டாள் என்றா எடுத்துக்கொண்டான்? எடுத்துக்கொண்டுமா இத்தனை நாளாக, சாப்ட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்?

பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டியது. அண்ணனுக்குப் போன் போடுடி என்றாள். அவன் உடனே எடுத்தான். "டிக்கெட் போட்டாச்சாம்மா?" பின்னால் பேரன் அழுதுகொண்டிருந்தான். என்ன சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது... "ஏம்ப்பா, நாலு மணி நேரந்தானாமே. எனக்கு இன்னிக்குத்தாம்ப்பா தெரியும்" என்றாள். “அப்ப அன்னிக்கு நெசமாவே ரெண்டு நாளாவும்னு நெனச்சுத்தான் சொன்னியாம்மா?” என்றான். இந்தத் தடவை அவன் சரிம்மா என்று சொல்லவில்லை.