முப்பதடிக்குள் சில்வர் ராஜ்

புளூடூத் வந்த புதிதில் திருத்தங்கல் ஜனங்களுக்குப் பிடித்த கிறுக்கு கொஞ்சநஞ்சமல்ல. கையில் செல்போன் செட்டு வைத்திருந்தவனெல்லாம் அதற்கு ஒரு பேர் வைத்தான். பெற்ற பிள்ளைக்குப் பேர் வைக்கக்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். டீக்கடைக்காரர் செட்டுக்குப் பேர் கருஞ்சிங்கம். அச்சாபீஸில் பேப்பர் அடுக்குகிற ஒல்லிப்பிச்சான் ஒருவனுடையது லண்டன் மாப்பிள்ளை. பஸ்ஸில் உட்கார்ந்து புளூடூத்தைத் தேடவிட்டால் போதும், முப்பதடிக்குள் யார் யார் செட்டு திறந்திருக்கிறதோ அத்தனை பேரும் திரையில் வரிசை கட்டி நிற்பார்கள். பாட்டோ படமோ அனுப்பினால், அந்தப் பக்கம் சம்மதித்து அழுத்தினால், காற்றிலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தப் பேர்களில் பாதி பைசல் வைத்தது. பஸ் ஸ்டாப்பை ஒட்டி அவனுக்கு ஒரு மொபைல் கடை இருந்தது. ரீசார்ஜ் செய்வான், மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவான், ஓய்ந்த நேரத்தில் ஊரார் செட்டுக்கெல்லாம் பட்டப்பெயர் சூட்டுவான். வாய்த் துடுக்கு அவனுக்கு அதிகம். அதைத் தாங்கிக்கொள்கிற ஒரே சிநேகிதன் ஆமத்தூர் முனியராஜ்.

முனியராஜுக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை. மருந்து அறையில் அலுமினியப் பொடி கலக்குகிறவன். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் காது மடலிலும் புருவத்திலும் வெள்ளி மினுங்கும். அதனால் அவன் செட்டுக்கு 'சில்வர் ராஜ்' என்று பேர் வைத்துக் கொடுத்தான் பைசல். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உன்னைய எடை போட்டு விக்கணும்லே" என்பான். முனியராஜ் சிரித்துக்கொண்டே பாட்டு ஏற்றிக்கொண்டு போவான்.

ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாட்ச்மேன் பலவேசம் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்துக்கொண்டு நிற்பார். வேலைக்கு வருகிறவர்கள் செட்டை அதில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள், சாயங்காலம் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்தத் தீபாவளி சீசனில், ஆர்டர் நெருக்கிய ஒரு மத்தியானத்தில், மருந்து அறை வெடித்தது. சத்தம் வெம்பக்கோட்டை வரைக்கும் கேட்டது. சேதி பரவியதும் கூடையிலிருந்த செட்டுகள் எல்லாம் ஒன்றுசேர அடிக்க ஆரம்பித்தன. ஒன்று அம்மன் பாட்டு, ஒன்று சினிமாப் பாட்டு, ஒன்று குழந்தைச் சிரிப்பு. எடுத்து என்ன சொல்வார் மனிதர்? காதைப் பொத்திப் பார்த்தார். முடியவில்லை. ஒவ்வொரு செட்டாகப் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை மட்டும் உருவி, ஓடைப்பக்கம் வீசிவிட்டார். அப்புறம் நெடுநாள் அவர் யாரோடும் பேசவில்லை.

முனியராஜின் உடம்பை உடம்பென்று சொல்வதற்கில்லை. அவன் அப்பா முனியசாமி, அதன் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணைப் பார்த்து, "எம்புள்ளதான்" என்று வாங்கி வந்து ஆமத்தூர் கண்மாய்க் கரையில் அடக்கம் செய்தார். பைசலும் போயிருந்தான். துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்துக்குத்தான் அவன் மண் போட்டான்.

அம்மா குருவம்மாள் மயானத்துக்கு வரவில்லை. பெண்கள் போகிற வழக்கமில்லை என்பது ஒருபுறம். வீட்டு வாசலில்கூட அவள் அழவில்லை. "ஊருல அரைஞாண் கட்டாத ஆம்பள எவன் இருக்கான்? அதப் பாத்து எம்புள்ளன்னு எப்படிச் சொல்லுவீக?" என்று புருஷனைக் கேட்டாள். பலவேசம் கொடுத்தனுப்பிய செட்டைக் காட்டி, "அவன் போனுல ஒரு கீறல் இல்ல. அவனுக்கு மட்டும் எப்படி ஆவும்?" என்று கேட்டாள். போன் கேட்டிலேயே இருந்தது என்று ஊரே எடுத்துச் சொன்னது. செவிடன் காதில் ஊதிய சங்குதான். கருமாதி வைக்க விடவில்லை. வெடிக்குப் பயந்து ஓடினவன், அடிபட்டு நினைவு தப்பிப்போய் எங்கேயோ திரிகிறான், தேடிப் பிடித்துவிடலாம் என்று விருதுநகருக்கும் சிவகாசிக்குமாகப் பஸ் ஏறி இறங்க ஆரம்பித்தாள். புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

பைசலைக் கண்டால் முதல் கேள்வி அதுதான். "அய்யா, அவன எங்கனயும் பாத்தியா?" அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? தூரத்தில் அவள் தலை தெரிந்தால் போதும், அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதில் அவனுக்கு வெட்கம்தான். ஆனாலும் திருப்பிக்கொள்வான்.

பொங்கல் கழிந்த ஒரு சாயங்காலம், கடையைச் சாத்திவிட்டுச் சிவகாசி பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். பொழுது போகாமல் புளூடூத்தைத் தேடவிட்டான். கருஞ்சிங்கம் வந்தது. பேரில்லாத ஒரு செட்டு வந்தது. அதற்குக் கீழே சில்வர் ராஜ் என்று வந்தது.

செட்டைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தான். அந்தப் பேரை அவன்தான் தட்டினான். எழுத்துக்கு நடுவில் ஒரு புள்ளி அதிகமாக விழுந்திருந்தது, திருத்தாமலே விட்டிருந்தான். அந்தப் புள்ளியும் இருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் மனசு வேறு கணக்குப் போட்டது. குருவம்மாள் சொல்வது நிசமாக இருந்தால்? பஸ்ஸுக்குள்தானே இருக்க வேண்டும்! முன்னால் ஒருத்தன் முகத்தைத் துண்டால் மூடி, கம்பியில் சாய்ந்து நின்றான். அதே உயரம், அதே தோள். வெந்த முகத்தை மறைக்கிறானோ? பைசல் ஆட்களை இடித்துக்கொண்டு முன்னால் போய், "ஏலே முனி" என்று துண்டை இழுத்துவிட்டான்.

வீங்கிய தாடையோடு ஒரு நடுவயதுக்காரர் திரும்பினார். பல்வலி. அவர் திட்டிய திட்டில் பஸ்ஸே சிரித்தது. பெண்கள் சீட்டில் சன்னலோரம் குருவம்மாள் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தான், பார்த்ததும் வழக்கம்போலத் திரும்பிக்கொண்டான்.

வீட்டில் சொன்னபோது அவன் அம்மா அக்தர் பேகம் பொரிகடலை தின்றுகொண்டே, "செத்தவன் செட்ட எவனாவது வாங்கி வச்சிருப்பான். ஓதிட்டுப் படு" என்றாள். ஓதினான். தூக்கம்தான் வரவில்லை.

பிறகு அந்தப் பேர் அடிக்கடி வந்தது. காலைப் பஸ்ஸில் வரும், சந்தைக் கூட்டத்தில் வரும், திருத்தங்கல் கோயில் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை வந்தது. அவன் கூட்டத்துக்குள் பாய்ந்து தேடுவான். பார்க்கப் பார்க்கப் பேர் மறைந்துவிடும். இவனிடமிருந்து பாட்டு ஒன்றை அதற்கு அனுப்பிப் பார்த்தான். எதிர்ப்பக்கம் யாரும் சம்மதிக்கவில்லை. சிநேகிதன் உயிரோடு இருந்தால் தன்னிடம் ஏன் ஒளிய வேண்டும் என்று கோபம்கூட வந்தது அவனுக்கு.

மாசி மாதம் ஒரு மத்தியானம் கரண்ட் இல்லை. அந்த வருஷம் கரண்ட் இருந்த நேரம்தான் விசேஷம். தெருவில் ஈ காக்கை இல்லை. கடைக்குள் வேர்த்து உட்கார்ந்திருந்தவன் பழக்கதோஷத்தில் தேடவிட்டான். வந்தது ஒரே பேர். சில்வர் ராஜ்.

துள்ளி எழுந்து வாசலுக்கு வந்தான். தெரு வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. நேராக அவன் கடையைப் பார்த்துக் குருவம்மாள் வந்துகொண்டிருந்தாள். இந்தமுறை ஓடி ஒளிய இடமில்லை.

"வாங்கம்மா. சாப்பிட்டீகளா?"

"அது கெடக்கட்டும்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். இடுப்புச் சுருக்குப்பையைப் பிரித்து, மஞ்சள் துணியில் பொதிந்த செட்டை எடுத்தாள். "இதுக்கு உசுரு குடுய்யா. அவன் யாருக்காச்சும் பேசியிருப்பான். கடைசியா யார் நம்பருன்னு பாத்தா, அங்கன போய்க் கேக்கலாம்ல."

பைசலுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வெண்ணெயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறான். "எப்பவும் இத மடியிலதான் வச்சிருப்பீகளா?"

"பெறகு? கீழ வைக்க மனசு வருமா?"

அவ்வளவுதான் சங்கதி. இவள் ஏறிய பஸ்ஸில் எல்லாம் அந்தப் பேர் ஏறியிருக்கிறது. பைசலுக்குள் எதுவோ பொத்தென்று விழுந்தது. முனியராஜ் நிசமாகவே இல்லை. இத்தனை நாள் அவனும் குருவம்மாளைப்போலவே நம்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

செட்டு ஓடாமலா பேர் வரும், சார்ஜ் இப்போதுதான் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பின்மூடியைத் தள்ளினான். உள்ளே பேட்டரி இல்லை. காலிப் பள்ளம். பித்தளைப் பின்களில் பச்சை பூத்திருந்தது.

"பேட்டரி எங்கம்மா?"

"பலவேசம் குடுத்துவிடும்போதே இல்ல. அதத்தான கேக்கேன், ஒண்ணு வாங்கிப் போடுன்னு."

பைசல் தன் செட்டை எடுத்து மறுபடி தேடவிட்டான். சில்வர் ராஜ், புள்ளியோடு, நின்றது. கடையில் இருந்த நல்ல பேட்டரி ஒன்றைப் பழைய செட்டில் போட்டு அழுத்திப் பார்த்தான். உயிர் வரவில்லை. பேட்டரியைக் கழற்றினான். அவன் செட்டு அவன் உள்ளங்கையில் அதிர்ந்தது.

'சில்வர் ராஜிடமிருந்து வருகிறது. வாங்கிக்கொள்ளவா?'

"என்னய்யா?" என்று எட்டிப் பார்த்தாள் குருவம்மாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு அவளுக்குப் படிப்புண்டு. மகன் பேரைப் படித்தாள். "அமுக்குலே" என்றாள்.

அவன் விரல் வரவில்லை. அவளே அழுத்தினாள்.

வந்தது ஒரு குரல் பதிவு. முதலில் பஸ் இரைச்சல், கண்டக்டர் விசில். அப்புறம் முனியராஜ். அவனேதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசுகிற அதே பேச்சு.

"அம்மா, வேலை முடிஞ்சிருச்சு. கேட்டுல நெடுநேரம் நின்னு பாத்தேன், வண்டியக் காணோம். செட்டையும் காணோம். பலவேசண்ணங்கிட்ட கேட்டாப் பேச மாட்டேங்காரு. பெறகு பாத்தா உன்கிட்ட இருக்கு. உன்கூடத்தாம்மா வாரேன். பக்கத்துலதான் நிக்கேன். எல்லாப் பஸ்ஸுலயும் ஏறி ஏறி எறங்குத. யாரம்மா தேடுத?"

குருவம்மாள் எழுந்தே விட்டாள். "பாத்தியா! பாத்தியாலே! இருக்கான்னு சொன்னேன்ல! இன்னொருக்கப் போடு, எங்கன நிக்கான்னு கேப்போம்."

பைசல் இன்னொரு தடவை போட்டான். 'யாரம்மா தேடுத' என்ற இடம் வந்தபோது அவள் முகத்திலிருந்த வெளிச்சம் மெல்ல வடிந்தது. தன் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். ஸ்டூலைச் சுற்றிலும் வெறும் தரை.

"அந்தச் செட்டுக்குள்ள ஒண்ணுமே இல்லயா?"

"ஒண்ணுமில்லம்மா."

அவள் உட்கார்ந்தாள். பேசியபோது குரல் தணிந்திருந்தது.

"அவனுக்குத் தெரியலய்யா. அப்பன் சொன்னாரு, ஊரு சொல்லிச்சு. நான் சொல்லலையே. சின்னப் புள்ளையில இருந்தே எம்பேச்சத் தவிர யார் பேச்சக் கேட்டிருக்கான்? நான் வருவான் வருவான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா, அவன் எங்கன போவான்?" மூச்சு வாங்கினாள். "நான் பேசினா அவனுக்கு அனுப்ப முடியுமா?"

பைசல் பதிவு பண்ணுகிற பொத்தானை அழுத்தி, செட்டை அவள் வாயருகே பிடித்தான். அவள் அதைத் தன் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"முனியராசு. அம்மா பேசுதேன். வேலை முடிஞ்சது நெசந்தான்யா. இனி நீ வேலைக்குப் போவேண்டாம்." நிறுத்தினாள். அத்தனை மாதமாக எவர் சொன்னாலும் மண்ணை வாரித் தூற்றிய சொல்லை அவள் வாயே சொல்ல வேண்டியிருந்தது. "அன்னைக்கு வெடிச்சுச்சுல்ல, அதுல நீ செத்துப்போயிட்டய்யா. அப்பா உன்னைய நம்ம கண்மாய்க் கரையில வச்சிருக்காரு. பைசலும் மண்ணுப் போட்டான். நான்தான் வரல. நீ என் பின்னால அலையாதய்யா. கால் வலிக்கும். அங்கன போயி இரு, அம்மா நாளைக்கு வந்து பாக்கேன்."

பைசல் அனுப்பினான். எதிர்ப்பக்கம் சம்மதிக்கக் காத்திருப்பதாகத் திரை சொன்னது. அந்தப் பக்கம் யாராவது அழுத்தினால்தான் போகும். புள்ளிகள் சுற்றிச் சுற்றி வந்தன. டீக்கடை வாசலில் ஒரு நாய் எழுந்து, கடையைப் பார்த்து உறுமிவிட்டு, வாலை ஒடுக்கிக்கொண்டு போனது.

"வாங்க மாட்டேங்கானோ?" என்றான் பைசல்.

"யோசிக்கான்" என்றாள் குருவம்மாள். "அழுத்துய்யா. அம்மா சொல்லுதேன்ல."

அந்தப் பக்கம் யாரோ அழுத்தினார்கள். பட்டை மெல்ல நிறைந்தது. போய்ச் சேர்ந்தது.

பைசல் இன்னொரு தடவை தேடவிட்டான். செட்டு சுற்றியது, சுற்றியது, யாரும் அருகில் இல்லை என்றது. அவன் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது. "போயிட்டானா?" என்று ஒரு கேள்வி. அவன் தலையாட்டியதும் நெஞ்சில் அறைந்துகொண்டு, "என்னப் பெத்த ராசா" என்று ஓங்கி ஒப்பாரியைத் தொடங்கினாள்.

வெயிலுக்குப் பயந்து அடைந்து கிடந்த தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. டீக்கடைக்காரர் டம்ளரும் கையுமாக ஓடிவந்து, "என்னப்பா, யாருக்கு என்ன?" என்று கேட்டார்.

"முனியராஜ் இறந்துட்டான்" என்றான் பைசல்.

அது எப்பவோ நடந்ததல்லவா என்று ஒருவரும் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து குருவம்மாளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.