ஒரு பீஸ்கூடக் குறையவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பார்த்தும் எழுதாமல் விட்ட ஒன்றிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. 1991. எங்கு பார்த்தாலும் மின்வெட்டு. யாருக்கு வெட்டினால் நாட்டுக்கு நஷ்டம் குறைவு என்று கணக்குப் போட ஓர் ஆய்வுக்குழு. அதில் டில்லிபாபு என்று ஒருவன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துச் சிறு பட்டறைகள் அவன் பொறுப்பு.

(முதலில் “இருள் சூழ்ந்த தேசத்தில்...” என்று தொடங்கினேன். தூ! பட்டப்பகலில் நடந்த கதைக்கு என்ன இருள்? அடித்துவிட்டேன்.)

2

பிளாஸ்டிக் மூடி செய்யும் பட்டறை. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனால் நாலு மணிக்குத்தான் வரும். அதுவரை பெண்கள் வாசலிலேயே காத்துக் கிடக்க வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. விட்ட வேலையை முடித்த பிறகுதான் வீடு.

“கரண்ட் போனா உற்பத்தி எவ்ளோ குறையும்மா?” என்று கேட்டான் டில்லிபாபு.

வாசலில் காத்திருந்தவர்களில் ஒருத்தி, கங்கம்மாள், பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரை ஒரு பார்வை பார்த்தாள். “இன்னா சார் அப்டி கேட்டுட்டீங்க? குந்திக்கினு இருந்து முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவோம். ஒரு பீஸ்கூடக் கொறையாது.”

அவள் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. வீட்டில் மூன்று மாதக் குழந்தை. (“தாய்மையின்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அவளுக்கு மார் வலித்தது, அவ்வளவுதான்.)

டில்லிபாபு அதைப் பார்த்தான். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ‘நஷ்டம்: இல்லை’ என்று எழுதினான்.*

* அவனைச் சோம்பேறியாக்கிப் பார்த்தேன், பொருந்தவில்லை. கெட்டிக்காரன்தான். அந்தப் பாழாய்ப்போன கட்டத்துக்கு வெளியே எழுதத்தான் தைரியமில்லை.

3

கணக்கு சுத்தமாக வந்தது. பெரிய ஆலைக்கு வெட்டினால் பெருநஷ்டம், சிறு பட்டறைக்கு வெட்டினால் நஷ்டமே இல்லை. அடுத்த மாதமே பட்டறைகளுக்கு நாலு மணி நேர வெட்டு ஏழு மணி நேரமானது.

4

ஒரு முடிவு: அவன் போய் மன்னிப்புக் கேட்கிறான். பொய். இன்னொன்று: கங்கம்மாள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறாள். ஐயோ, கேட்டிருக்கக் கூடாதா!

நடந்தது இதுதான். பஸ் ஸ்டாப்பில் அவளே அடையாளம் கண்டு ஓடி வந்தாள்.

“சார், ஏழு மணி நேரம் குந்த வெக்கிறாங்க. பாலு வத்திக்கினே போவுது. நீங்க எழுதிக்கினு போனீங்களே, நம்ம கஷ்டத்த மேல சொல்லிட்டீங்க இல்ல?”

“சொல்லிட்டேம்மா” என்றேன்.

ஆமாம், நான்தான். டில்லிபாபு என்று எவனும் இல்லை.

முப்பது வருஷமாக அந்த இடத்தில் வேறு பதில் எழுதிப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. அதனால் அவளை இன்னும் பஸ் ஏற்றவில்லை. கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நீங்களாவது சொல்லுங்கள். சீக்கிரம், குழந்தை பசியோடு இருக்கும்.