கடைசிக் காம்பராக் குடும்பம்

ஆறாம் நம்பர் மலையில் அன்று பனி விலகவே எட்டரை ஆகிவிட்டது. இடுப்பில் சுற்றிய படங்கு நனைந்து தொடையோடு ஒட்டிக்கொள்ள, பெண்கள் தேயிலை நிரைக்கு ஒருத்தியாக மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். றீட்டாவுக்கு அடுத்த நிரை ஜெயந்தினியுடையது. அங்கே கொழுந்து கிள்ளும் சத்தம் நின்று கொஞ்ச நேரமாகியிருந்தது. றீட்டா எட்டிப் பார்த்தாள். ஜெயந்தினி தேயிலைச் செடியின் அடியில் குந்தி, சத்தம் வெளியே கேட்டுவிடாதபடி துண்டால் முகத்தை மூடி ஓங்கரித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ரொட்டி சேரலக்கா," என்றாள், றீட்டாவைக் கண்டதும்.

"முந்தாநாளும் சேரல. போன கெழமையும் சேரல. அது எந்தக் கடை மாவுடி?"

ஜெயந்தினிக்குக் கண் நிறைந்துவிட்டது. றீட்டாவுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

மடுல்சீமைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில், அஞ்சாம் லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், றீட்டாவும் விஜயலெட்சுமியும் பதினொரு வருஷமாக ஒன்றாக இருக்கிறார்கள். கூட்டாளிகள் என்றுதான் முதலில் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவரும் நம்பவில்லை. புருசன் பொண்டாட்டி மாதிரி இருக்காளுக என்று லயம் முழுக்கப் பேசியது. பேசிப் பேசி வாய் வலித்ததோ என்னவோ, ஏழெட்டு வருஷத்தில் அதுவும் ஓய்ந்தது. கல்யாண வீட்டுக்கு இன்றைக்கும் அவர்களுக்கு அழைப்பு வராது. சாவு வீட்டுக்கு மட்டும் ஆள் வந்து கூப்பிடும். தண்ணீர் சுமக்கவும் சோறாக்கவும் ஆள் வேண்டுமே.

பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தபோது ஜெயந்தினி எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளையின் தகப்பன் மொனராகலைப் பக்கம் கரும்பு லொறி ஓட்டுகிறவன். இரண்டு மாதமாக அவன் போன் வேலை செய்யவில்லை. தாய் தகப்பன் இல்லாத ஜெயந்தினி அண்ணன் கஜேந்திரன் வீட்டில் இருக்கிறாள். அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"சனிக்கெழம பதுளைக்குக் கூட்டிட்டுப் போறாராம். பொலிசுக்குத் தெரியாம கலைச்சி விடுற ஆள் ஒருத்தர் இருக்காராம்."

"வேணாம் புள்ள, போவாத," என்றாள் றீட்டா சட்டென்று. விஜயலெட்சுமியும், "பாவம் அது, வேணாம்," என்றாள்.

எதிரே உட்கார்ந்திருந்த ரெங்கம்மா தேத்தண்ணிப் போத்தலை ணங்கென்று கல்லில் வைத்தாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. மனசில் பட்டதை அப்படியே பேசிவிடுவாள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்கடி. பாவமாம் பாவம்! நான் ரெண்டு கலைச்சவ. வரிசையா நாலு பெத்து ஒடம்புல ஒண்ணுமில்ல அப்ப. அஞ்சாவதயும் பெத்திருந்தா இந்நேரம் எம்மேல தேயில மொளச்சிருக்கும். பெக்காதவளுகளுக்கு என்னா தெரியும்?"

"பெக்கலதான். ஆனா பொறந்தேன்ல?" என்றாள் றீட்டா.

"என்னா பேச்சு இது? கோயில்ல பாதர் சொல்லிக் குடுத்தாரா?"

"பாதரா? நற்கருணைக்கு வரிசையில நின்னா அந்த மனுசன் என்னயத் தாண்டிட்டு அடுத்த ஆளுக்குப் போறாரு. அவரு பேச்ச நான் எதுக்குச் சுமக்கணும்?" றீட்டா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மா என்னயக் கலைக்கத்தான் பாத்துச்சு. பிஞ்சு அன்னாசியாத் தின்னுச்சாம். எப்புடியோ நான் வந்துட்டேன். இருவது வயசுல நான் இப்புடின்னு தெரிஞ்சப்போ, அன்னைக்கே கலஞ்சி போயிருந்தா இந்தக் கண்றாவியப் பாத்திருக்க மாட்டேனேன்னு கோயில் வாசல்ல நின்னு ஊரக்கூட்டிக் கத்துச்சு. அன்னையிலருந்து யாரு கலைக்கிறன்னு சொன்னாலும் என்னயவே சொல்ற மாதிரி இருக்கு. நான் என்னா செய்ய?"

அதற்குப் பதில் சொன்னது ஜெயந்தினி.

"அண்ணன் போன்னு சொல்லுது. நீங்க போவாதன்னு சொல்றீங்க. ஒங்களுக்குப் புள்ள இல்ல, அதான் எம் வயித்தப் பாத்து ஆசப்படுறீங்க." அவள் எழுந்து, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு தன் நிரைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் விஜயலெட்சுமி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். றீட்டா கதவு நிலையில் சாய்ந்து நின்று பொருமினாள்.

"அவ எப்புடி அப்புடிச் சொல்லலாம்? நல்லதுக்குத்தானே சொன்னேன்?"

"பொய்யா சொன்னா?" விஜயலெட்சுமி தலை தூக்கவில்லை. "மலையிலருந்து எறங்கி வந்ததும் நான் கூரையத்தான் பாத்தேன், தொட்டில் கட்ட எந்தச் சட்டம் தாங்கும்னு. நீ பாக்கல?"

றீட்டாவும் கூரையை அண்ணாந்து பார்த்தாள். "பாத்தேன்," என்றாள்.

"அப்ப போய் மன்னிப்புக் கேளு. அப்புடியே கேக்க வேண்டியதையும் கேளு. அவளுக்கு என்னா வேணும்னு இந்தத் தோட்டத்துல ஒருத்தரும் கேக்கல."

தண்ணீர் விழும் பீலிக்கரையில் ஜெயந்தினி குடத்தைத் தண்ணீருக்குக் கீழே வைத்துவிட்டு, நிறைந்து வழிவதைக் கவனிக்காமல் நின்றாள். றீட்டா குடத்தை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ சொன்னது சரிதான். ஆசப்பட்டோம். தப்பு. மன்னிச்சிக்க." மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டாள். "ஒனக்கு என்னா வேணும்?"

ஜெயந்தினி அவளையே பார்த்தாள்.

"பெக்கணும்னு இருக்குக்கா," என்றாள் மெதுவாக. "ஆனா எங்க வச்சி? அண்ணன் வாசல்ல ஏத்தாது. வேலையும் போயிட்டா என்னா திங்கிறது?"

"எங்க காம்பரா இருக்கு. நாங்க திங்கிறத நீயும் தின்னு. புள்ள ஒன்னோட புள்ள. பெத்ததுக்கப்புறம் கூட்டிட்டுப் போறன்னாலும் யாரும் மறிக்க மாட்டோம்."

"மனசு மாறி, சனிக்கெழம அண்ணனோட போறன்னு சொன்னா?"

றீட்டா அவள் கையைப் பிடித்தாள். "நானும் வருவேன். தனியா விட மாட்டேன். பதுளை போற வரைக்கும் வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டேதான் வருவேன். ஆனா வருவேன்."

ஜெயந்தினி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே அழவும் செய்தாள்.

சனிக்கிழமை காலை கஜேந்திரன் த்ரீவீல் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, தங்கை கடைசிக் காம்பரா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அவன் றீட்டாவைப் பார்த்துத்தான் கத்தினான்.

"இவளையும் ஒங்கள மாதிரி ஆக்கப் பாக்குறீங்களா? மானம் ஈனம் இல்ல?"

"நான் போகல அண்ண," என்றாள் ஜெயந்தினி.

"போகலன்னா எவன் கஞ்சி ஊத்துவான்?"

"நான் கொழுந்தெடுக்குறேன்."

கஜேந்திரன் த்ரீவீலுக்குக் காசைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினான். போகும்போது அவனும் கண்ணைத் துடைத்ததை விஜயலெட்சுமி பார்த்தாள். பின்னேரம் ஜெயந்தினியின் உடுப்புப் பை ஒரு பிள்ளையின் கையில் வந்து சேர்ந்தது.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஜெயந்தினி மருத்துவிச்சியிடம் துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு தோட்டக் கணக்கப்பிள்ளையிடம் போனாள். துண்டு கொடுத்தவர்களுக்கு லயத்துக்குப் பக்கத்தில் லேசான வேலை கிடைக்கும். அவர் துண்டைப் படித்துவிட்டு, "புருசன் பேரு?" என்று கேட்டார். "இல்லீங்க," என்றாள் அவள். அவர் துண்டை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். அது பிறகு வெளியே வரவில்லை. அவள் பழையபடி ஆறாம் நம்பர் மலைக்கே ஏறினாள்.

பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். அரைப் பேர் அடிக்கடி விழுந்தால் வேலைப் பதிவான செக்ரோலிலிருந்து பேரையே வெட்டிவிடுவார்கள். ஆறாம் மாதத்தில் ஜெயந்தினிக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் ஏறவில்லை. றீட்டாவும் விஜயலெட்சுமியும் நிரை மாறும்போதெல்லாம் தங்கள் கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போட்டார்கள். ஒரு கிழமை அது ஓடியது. பிறகு மேற்பார்வை பார்க்கும் அழகையா கங்காணி கையும் களவுமாகப் பிடித்தார்.

"ஒருத்தி கொழுந்த இன்னொருத்தி கூடையில போடுறது எந்த ஊர்ச் சட்டம்? இனிமே கண்டா மூணு பேருக்கும் அரைப் பேருதான்."

மறுநாள் மூன்று பேரும் அவரவர் கூடைக்கே கொழுந்தெடுத்தார்கள். மத்தியான நிறுவைக்கு முன்னால் ஜெயந்தினியின் கூடை பாதிகூட நிறையவில்லை. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அப்போது பின்னால் நின்ற ரெங்கம்மா தன் கூடைக்குள் கைவிட்டு, இரண்டு கையும் கொள்ள அள்ளி, கங்காணி பார்த்துக்கொண்டிருக்கவே ஜெயந்தினியின் கூடையில் போட்டாள்.

"என்னா கெழவி இது?" என்றார் அழகையா.

"கை நடுங்குதுங்க கங்காணி. கொழுந்து தவறித் தவறி விழுது. வயசாச்சுல்ல?" இன்னொரு அள்ளு விழுந்தது.

அவளுக்குப் பின்னால் நின்றவளுக்கு முப்பது வயதுகூட இல்லை. "எனக்கும் நடுங்குதுங்க," என்று சொல்லி அவளும் போட்டாள். வரிசை முழுக்க அன்றைக்குக் கை நடுங்கியது. அழகையா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கீழே ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். தராசில் பத்தொன்பது காட்டியது.

இறங்கி வரும்போது றீட்டா, ரெங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெங்கம்மா கையை உதறினாள்.

"ஒட்டாத. நான் சொன்னதுலருந்து மாறல. கலைச்சவளப் பாவின்னு நீ சொன்னா நாளைக்கும் சண்டைக்கு வருவேன்."

"ஒங்களச் சொல்ல மாட்டேன். ஆனா வேணாம்னுதான் சொல்லுவேன்."

"சொல்லிக்க. இவ பெக்குறன்னு சொல்லிட்டா. பெக்குறவள அரைப் பேர்ல வச்சிப் பட்டினி போட ஏலுமா?"

ஐப்பசி மழையில் பிரசவ வலி கண்டதும், வாடகைக்கு ஓட்டும் ஷுக்ரியின் வேன் பசறை ரோட்டில் இரண்டு தடவை புதைந்து, மூன்று பெண்களையும் பதுளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. விடிய ஐந்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அனுஷ்கா என்று பெயர் வைத்தார்கள். தொட்டில் கூரையின் மூன்றாவது சட்டத்தில் கட்டப்பட்டது. ஜெயந்தினி அதைத் தன் கையாலேயே முடிச்சுப் போட்டாள். கஜேந்திரன் வரவில்லை. ஆனால் ஒரு நாள் காலை இஸ்தோப்பில் பேபி சோப்பும் இரண்டு சின்னச் சட்டையும் இருந்தன. யார் வாங்கி வைத்தது என்று லயத்துக்கே தெரியும். ஒருவரும் கேட்கவில்லை.

தை மாதம் வீட்டுத் திட்டப் பட்டியல் எடுக்க ஒரு இளம் உத்தியோகத்தர் வந்தார். லயத்தை உடைத்துத் தனித்தனி வீடு வருமாம். இருபது காம்பரா ஏறி இறங்கிச் சட்டையெல்லாம் வேர்த்திருந்தது அவருக்கு. கடைசிக் காம்பராவில் விஜயலெட்சுமி கொடுத்த தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் படிவத்தைப் பிரித்தார்.

"குடும்பத் தலைவர்?"

"விஜயலெட்சுமின்னு போடுங்க."

போட்டார். பிறகு றீட்டாவைக் காட்டி விஜயலெட்சுமியிடம், "இவங்க ஒங்களுக்கு என்ன முறை?" என்றார்.

ஏழெட்டு வருஷம் முதுகுக்குப் பின்னால் பேசிய லயம் இதை முகத்துக்கு நேரே கேட்டதில்லை. விஜயலெட்சுமி றீட்டாவை ஒரு தடவை பார்த்தாள். "கூட இருக்கிறவ," என்றாள்.

"அப்பிடி ஒரு முறை இதுல இல்லயே அக்கா. தங்கச்சியா? மச்சாளா?"

"இல்ல."

"இந்தத் தங்கச்சி?"

"ஜெயந்தினியும் சொந்தம் இல்லீங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பேனாவை மூடிக்கொண்டு சங்கடத்தோடுதான் சொன்னார். "உறவு காட்டாட்டி தனித்தனி ஆளாத்தான் பதியணும். தனியாளுக்கு வீடு இல்ல. என்னால ஒண்ணும் செய்ய ஏலாது."

றீட்டா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயந்தினி தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்பிடின்னா புள்ளைய மொதல்ல எழுதுங்க."

"புள்ளையவா?"

"ஆமா. தலைவர்னு இவளப் போடுங்க. இவளுக்கு நான் அம்மா. விஜயாக்கா பெரியம்மா. றீட்டாக்காவும் பெரியம்மா. முறை எல்லாருக்கும் இருக்குல்ல?"

அவர் சிரித்தார். வேறு யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்தார். பக்கத்து இஸ்தோப்பில் ரெங்கம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எழுதுங்க தம்பி. சாட்சி வேணும்னா லயமே இருக்கு."

அவர் புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். "மேல இருக்கிறவங்க ஒத்துக்குவாங்களோ தெரியாது," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். குடும்பத் தலைவர்: அனுஷ்கா. வயது: மூன்று மாதம். தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு. கீழே ஒன்றன்பின் ஒன்றாக அம்மா, பெரியம்மா, பெரியம்மா. றீட்டா எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தாள். பிறகு இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"தலைவர் ஒப்பம் வைக்கணும்," என்றார் உத்தியோகத்தர், மைப் பெட்டியைத் திறந்து.

விஜயலெட்சுமி குழந்தையின் மூடிய விரல்களைப் பிரித்து, பெருவிரலை மையில் தொட்டுப் படிவத்தில் வைத்து எடுத்தாள். மிளகு அளவுக்கு ஒரு நீலப் பொட்டு விழுந்தது. குழந்தை உடனே விரலை வாய்க்குக் கொண்டுபோனது. மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மை காயும் வரைக்கும் விடாமல் நின்றார்கள்.