குறையாத முள்

1

இந்தக் கதை என் திறந்த வாயில் பிறந்தது. பேசுவதற்காகத் திறந்த வாயல்ல, கடைவாய்ப்பல்லுக்காக. என் பல் டாக்டர் வார இறுதிகளில் சின்ன விமானம் ஓட்டுபவர். ஊசி போட்டு மரத்துப்போன நோயாளியைவிடப் பொறுமையான ஆள் அவருக்கு எங்கே கிடைப்பான்? ஆனால் பாதிக் கதையிலேயே என் பல் முடிந்துவிட்டது, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். மீதி என் தலையில் விழுந்தது.

2

முதல் தொடக்கம்: 'நீலவானம் அவரை அழைத்தது. அவர் இதயம் சிறகு...'

(வேண்டாம். வானம் யாரையும் அழைப்பதில்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: 'மேக்னெட்டோ என்பது காந்தத்தைச் சுழற்றி எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி.'

(கொட்டாவி வருகிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் கதை நகராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அந்த விமானத்தில் மேக்னெட்டோ இரண்டு. கிளம்புமுன் எஞ்சினை முறுக்கி, சாவியைத் திருப்பி, முறை வைத்து ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பார்கள். ஒன்றை நிறுத்தினால் எஞ்சின் வேகம் காட்டும் முள் சற்றே இறங்க வேண்டும். ரொம்ப இறங்கினால் கோளாறு. இறங்கவே இல்லையென்றால் அதைவிடப் பெரிய கோளாறு; நிறுத்தியது நிற்கவில்லை என்று அர்த்தம். மேக்னெட்டோவுக்கு பேட்டரியும் வேண்டாம். சாவியைப் பையில் போட்ட பிறகும், யாராவது முன்னாலிருக்கும் புரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் எஞ்சின் சட்டென்று பற்றிக்கொள்ளலாம். அந்தக் கை என்னவாகும் என்பதை வர்ணிக்கும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். நான் இல்லை.

3

ஓடுபாதை ஓரத்தில் விமானம் உறுமிக்கொண்டு நின்றது. டாக்டருக்குப் பக்கத்தில் அவர் மனைவியின் அண்ணன். விமானத்தில் ஆளுக்குப் பாதி பங்கு. கர்வத்தில் முழுப் பங்கும் மச்சானுடையது. போன வாரம் மேக்னெட்டோவிலிருந்து சாவிக்கு வரும் ஒயர் கழன்றிருந்ததை, மெக்கானிக்கைக் கூப்பிடாமல், தானே முறுக்கிச் சரிசெய்திருந்தார்.

டாக்டர் இடது மேக்னெட்டோவை நிறுத்தினார். முள் இறங்கியது. வலதை நிறுத்தினார். முள் அசையவில்லை. மறுபடியும் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை.

“பாத்தீங்களா மாப்பிள்ளை, கொஞ்சம்கூடக் குறையல. நான் கை வெச்ச வேலை.”

“ஆமா மச்சான்,” என்றார் டாக்டர். “சூப்பரா இருக்கு.”

(இங்கே எனக்கு என் நாயகன்மேல் சந்தேகம். ஊரார் பல்லையெல்லாம் அசராமல் பிடுங்குகிறவர், 'ஒயர் சரியில்ல மச்சான்' என்ற ஒரு வரிக்கா நடுங்குவார்? நடுங்குவார். முன்பொருமுறை மச்சான் விமானத்தை இறக்கிய லட்சணத்தைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டார். அதன்பின் அண்ணனும் தங்கையும் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. வீட்டில் மனைவி தட்டை வைத்த சத்தம் அவருக்கு இன்னும் கேட்கிறது.)

4

“காத்து சரியில்ல மச்சான். இன்னொரு நாள் போலாம்.”

காற்று பாவம், அன்று ஊரிலேயே இல்லை. பாம்பும் சாகக்கூடாது, கம்பும் ஒடியக்கூடாது என்கிற வகை ஏற்பாடு: விமானத்தை நிறுத்திவிட்டு, மெக்கானிக்கைத் தனியாகக் கூப்பிட்டு, மச்சானுக்குத் தெரியாமல் சரிசெய்துவிடலாம். டாக்டருக்குத் தன் சாமர்த்தியத்தின்மேல் பெருமைகூட வந்தது.

விமானக் கொட்டகை முன் எரிபொருளை அடைத்து எஞ்சினை அணைத்தார். சாவி பைக்குள் போனது. இறங்கிய மச்சான், விமானத்தின் மூக்குப் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கே காத்திருந்த தங்கை, அதாவது டாக்டரின் மனைவி, படமெடுக்க போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“அண்ணா, மூக்குல சுத்துற அந்த ரெக்கை கோணலா நிக்குது பாரு. போட்டோல நல்லாருக்காது. நேரா வை.”

5

முடிவு அ: டாக்டர் கத்துகிறார். மச்சான் விலகுகிறார். “எங்கண்ணன் செஞ்சதுல நொட்டை சொல்லலன்னா உங்களுக்குச் சோறு எறங்காதே,” என்கிறாள் மனைவி. இன்னொரு வருஷம் போகிறது.

முடிவு ஆ: அவர் வாயைத் திறக்கவில்லை. மச்சான் திருப்புகிறார். ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலும் ஆகாது. படம் அழகாக வருகிறது, டாக்டர் அடுத்த வாரமும் வாயைத் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறார்.

முடிவு இ: 'அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அண்ணனின்...'

(இல்லை. இதை முடிக்க என்னால் ஆகாது. எனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள்.)

டாக்டரைக் கோழை என்று நீங்கள் முடிவுகட்டி வெகுநேரமாகியிருக்கும். நல்லது. ஆனால் இரண்டாம் பகுதியிலிருந்தே உங்களுக்கும் விஷயம் தெரியும். கொட்டகை வரை கூடவே வந்தீர்கள், மச்சான் மூக்குப் பக்கம் நடந்ததைப் பார்த்தீர்கள். அடுத்தவர் குடும்ப விவகாரம், நமக்கென்ன என்று நீங்களும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, புரொப்பெல்லரைப் பிடிக்கிறார்.